ரெண்டு கோபுரத்துக்கு நடுவில் ஒரு புகைபோக்கி

1

கொஞ்ச நாளைக்கு முன்னால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு கூடத்தில், பிரான்சிலிருந்து வந்த அச்சுப் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் நடக்கப் போனபோது நீங்களும் உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். வாசலுக்கு வலது கைப்பக்கம், ஃபேன் சுவிட்சுக்குக் கீழே, கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படம் இருந்தது. அது நான் செய்தது.

அந்தப் படத்தில் வானம் ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று யாராவது நினைத்திருந்தால், சரியாகத்தான் நினைத்தார்கள். அங்கே ஒரு புகைபோக்கி இருந்தது. எடுக்கும்படி ஆகிவிட்டது. ஏன் என்று கூடத்தில் எழுதி ஒட்டவில்லை. ஊர்க்காரர்கள் படிக்கிற மலரில் எழுதுங்கள் என்று சொன்னார்கள், எழுதுகிறேன்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது.

2

நான் இருப்பது பிரான்சின் வடக்குப் பக்கம், நார்மந்தியில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டுக்காரர் சொல்தா. நம்ம ஊரில் சொல்தா என்றால் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். எங்கள் சனம்தான். ஆனால் அவர் அப்பா காலத்திலேயே கடலை விட்டு நெல்லித்தோப்புக்குக் குடி போய்விட்டார்கள். பெண் பார்க்க எங்கள் குப்பத்துக்கு வந்தபோது, மீன் வாடையே இல்லாத இடத்துக்கு உங்கள் பெண்ணைக் கூட்டிப்போகிறேன் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். ராணுவம் முடிந்ததும் அவருக்கு இந்த ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் காவல் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இங்கே கடற்கரையில் மணல் இல்லை. முழுக்கக் கூழாங்கல். இப்போது நம்ம ஊர்க் கடற்கரையிலும் கருங்கல்தானே கொட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கடல் வேறு மாதிரி. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் எழுந்து வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வரும். வந்த புதிதில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, கடல் எங்கே போச்சு என்று அவரைக் கேட்டேன். வரும் என்றார். வந்தது.

எங்களுக்கு ஒரே மகள், சில்வி. பெயர் அவர் வைத்தது. போனில் எங்கள் அம்மாவுக்குச் சொன்னபோது, "செல்வியா, நல்ல பேருதான்" என்றாள். அப்படியே விட்டுவிட்டோம். சில்வி பக்கத்து நகரத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் பிரெஞ்சில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ரெண்டு பேருக்கும் புரியும். மூன்றாவது ஆள் வந்தால்தான் சிரமம்.

வீட்டுக்காரர் போன பிறகு நான் வீட்டை விட்டு வெளியே போவது குறைந்துவிட்டது. ரொட்டிக் கடைக்குப் போவேன். ஒரு விரல் காட்டுவேன், ஒரு ரொட்டி தருவார்கள். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதாமல், மனிதர்களோடு பழகுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இங்கே அப்படியும் எழுதுவார்கள். எங்கள் பேட்டையில் ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே பின்னல் வகுப்பு என்றார்கள். போனேன். கதவைத் திறந்தால் உள்ளே எல்லாரும் கறுப்புக் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னல் வகுப்பு அடுத்த கதவு.

தப்பான கதவு என்று சொல்லித் திரும்பி வர எனக்கு வெட்கம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். இன்றைக்கு வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னல் வகுப்பில் என்ன பின்னுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

3

அது லினோ வகுப்பு. லினோ என்பது நம்ம ஊரில் தரைக்கு ஒட்டுகிற விரிப்பு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் தடிமனாக நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம், ஆளிவிதை எண்ணெய் வாடை. குளிரில் விறைத்துப் போகும். ஹீட்டர் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிக் கொடுக்கும். அதன்மேல் படம் வரைந்து, சின்ன உளியால் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கின இடம் தாளில் வெள்ளையாக வரும். செதுக்காமல் விட்ட இடம் கறுப்பாக வரும். உருளையால் மை தடவி, தாளை மேலே வைத்து, மரக் கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தால் படம்.

இடம் வலமாக, வலம் இடமாக மாறி வரும். செதுக்கினதைத் திரும்ப ஒட்ட முடியாது. இது ரெண்டையும் வகுப்பு நடத்துகிற மதாம் ஒதில் முதல் நாளே சொல்லிவிட்டார். ரெண்டுமே பின்னால் எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கு உளியைத் தள்ளி வெட்ட வரவில்லை. நம்ம அரிவாள்மனையில் கத்தி எங்கே அசைகிறது, மீன்தானே அசையும். நான் உளியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு லினோவைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். மதாம் ஒதில் என் கையைப் பிடித்து உளியைத் தள்ளிக் காட்டினார். சரி என்றேன். அவர் அந்தப் பக்கம் போனதும் பழையபடி. கொஞ்ச நாளில் அவர் விட்டுவிட்டார்.

முதல் வருஷம் ஆப்பிள், பூனை, இலை என்று போனது. பிறகு ஒரு நாள் மதாம் ஒதில், "இந்தத் தரம் எல்லாரும் கடற்கரை செய்யப் போகிறோம்" என்றார். "அவரவர் கடற்கரை. உங்களுக்குத் தெரிந்த கரை."

எல்லாரும் சந்தோஷமாக ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் உட்காருகிற ரிடையரான தபால்காரர், ஆப்பிள் செய்யச் சொன்னபோதே ஓரத்தில் ஒரு அலை வைத்தவர். அவர் கரையில் நின்று பார்த்தால் தெரிகிற கடலைப் போட்டார். மற்றவர்களும் அப்படியே. கீழே கல், நடுவில் தண்ணீர், மேலே வானம், ஒரு பறவை.

நானும் போட்டேன். கீழே ரெண்டு அலைக்கோடு. அதற்கு மேலே தாழ்வாகக் கரை. கரையில் வீடுகளின் மொட்டை மாடி விளிம்பு மட்டும், முக்கால்வாசி தண்ணீரில் முழுகினாற்போல. அதற்கு மேல் மாதா கோயிலின் ரெண்டு கோபுரம். ரெண்டுக்கும் நட்டநடுவில், பின்னால், ஆலைப் புகைபோக்கி. தள்ளி ஒரு லைட் ஹவுஸ்.

மதாம் ஒதில் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அழகு. கடல் எங்கே?"

"கீழே."

"கீழே எங்கே?"

"நாம் அதில்தான் இருக்கிறோம்" என்றேன்.

அவர், "சின்ன வயதில் படகில் போவீர்களா?" என்றார்.

"இல்லை. எங்களில் பொம்பளைகள் படகில் ஏற மாட்டோம்."

"அப்படியானால் இதை எங்கே இருந்து பார்த்தீர்கள்?"

"அடுப்படியிலிருந்து."

இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வந்தது. மேற்கொண்டு விளக்க வரவில்லை. மதாம் ஒதில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் ஏதோ ஆழமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் அடுப்படியைத்தான் சொன்னேன்.

4

எங்கள் குப்பம் கடற்கரைச் சாலைக்கு வடக்கே. அப்பா கட்டுமரம் வைத்திருந்தார். கடலுக்கு அடியில் அவருக்கு ஒரு கல் இருந்தது. பாறைதான், வீட்டில் கல்லு என்போம். அதைச் சுற்றிச் சங்கரா மீன் நிற்கும். மற்றவர்கள் வெறும் கூடையோடு வருகிற நாளிலும் எங்கள் அம்மா கூடையில் சங்கரா சிவப்பாகக் கிடக்கும். கல் எங்கே இருக்கிறது என்று அப்பா யாருக்கும் சொன்னதில்லை. தண்ணீருக்கு மேலே அடையாளம் எதுவும் கிடையாது. கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதை அப்பா என் தம்பி ஆறுமுகத்துக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார். சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பார்.

"சொல்லுடா."

"மாதா கோயிலு ரெண்டு கோபுரம். நடுவுல ஆலைப் பொகபோக்கி வரணும்."

"அப்புறம்?"

"கரையோர மாடி வூடுங்க முழுவணும்."

"எம்மாம் முழுவணும்?"

இங்கே தம்பிக்கு மறந்துபோகும். அப்பா சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். கடலுக்குள் போகப் போகக் கரை வீடுகள் அடியிலிருந்து மறைந்துகொண்டே வரும், அதைத்தான் முழுகுவது என்போம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் தெரிய வேண்டும், சன்னல் தெரியக் கூடாது. அதுதான் பதில். நான் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டே வாய்க்குள் சொல்வேன். தம்பிக்குத் தட்டு திரும்பக் கிடைப்பதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாதா கோயில் எங்கள் கோயில் இல்லை. ஆனாலும் அப்பா வருஷத்துக்கு ஒரு தரம் அங்கே போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். எதற்கு என்று அம்மா கேட்டால், "நம்ம வேலைக்கு அது நிக்கணுமில்ல" என்பார். ஆலைக்கும் ஏற்றலாம் என்றால் அங்கே இடம் இல்லை. ஆலையைப் பிறகு மூடிவிட்டார்கள். புகைபோக்கி நிற்கிறது.

இப்போது தம்பி ஃபைபர் போட் வைத்திருக்கிறான். ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆனால் கல்லை அதில் குறித்து வைக்க மாட்டான். குறித்து வைத்தால் கூட வருகிற பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, கல்லுக்குக் கிட்டே வந்ததும் அந்தக் கருவியைத் துண்டு போட்டு மூடிவிடுவான். அதோடு, நேராக அங்கே போகவும் மாட்டான். முதலில் தெற்கே கொஞ்ச தூரம் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வருவான். எல்லாம் பங்காளி கோவிந்தனுக்காக. கோவிந்தன் எங்கள் பெரியப்பா மகன், ரெண்டு வீடு தள்ளி. அவன் அப்பாவும் எங்கள் அப்பாவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் பேசிக்கொள்வார்கள், கல்லைத் தவிர மற்றதெல்லாம்.

5

படத்தைச் செதுக்கி முடித்து, சோதனைக்கு ஒரே ஒரு தாள் அச்சடித்தேன். நான் முன்யோசனையாகக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைந்திருந்ததால், தாளில் எல்லாம் இருக்க வேண்டிய பக்கத்தில் வந்தது. லைட் ஹவுஸ் வடக்கே. கோபுரம் ரெண்டு. புகைபோக்கி நடுவில். வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேடைக்கு மேலே ஒட்டினேன். அப்பா மட்டுமே பார்த்த இடத்தை முதல் தரம் நானும் பார்த்தேன். சாம்பார் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சில்வி வந்தாள். "மா, நீ செய்ததா?" என்று கேட்டுவிட்டுப் போனில் ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்ததை மாமாவுக்கு அனுப்பினாள். மாமாவோடு அவளுக்கு அந்த அளவுதான் உறவு. படம் போகும், அவன் கும்பிடுகிற கையை அனுப்புவான்.

இந்தத் தரம் கை வரவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது.

"யக்கா." குரல் கிசுகிசுவென்று இருந்தது. "இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?"

"எங்கடா இருக்க? ஏன் இப்படிப் பேசற?"

"கோரிமேட்டுல. முட்டி வலிக்குச் சீட்டு வாங்கிக்கினு ஆஸ்பத்திரியில குந்திக்கினு இருக்கேன். கோவிந்தன் பொண்டாட்டி அடுத்த வரிசையில இருக்கறா. சத்தமா பேச முடியாது. அந்தப் படத்த யாரு யாருக்குக் காட்டின?"

"வகுப்புல காட்டினேன். தபால்காரர் பாத்தாரு."

"அவருக்குப் போட் இருக்குதா?"

"ஆறுமுகம், அவரு பிரான்சுல இருக்காருடா."

"உனக்கு எப்புடிக்கா தெரியும் அது? அப்பா எனக்குத்தான சொன்னாரு?"

"நீ தினம் தப்பாச் சொல்லுவ, அப்பா தினம் சரியாச் சொல்லுவாரு. எனக்கு வராதா?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ பேர் கூப்பிடுவது கேட்டது. அவன் பேர் இல்லை.

"சரி, போனது போவட்டும். வூட்டுக்குள்ளயே வெச்சிக்க. வெளிய வுட்டுடாத."

அப்போதுதான் நான் மற்றதையும் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் செய்த படங்களை எல்லாம் புதுச்சேரிக்கு அனுப்பப் போகிறார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு கூடத்தில் மாட்டப் போகிறார்கள். நான் நம்ம ஊர்க்காரி என்பதால்தான் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தார்களாம். மதாம் ஒதில் அதைச் சொன்னபோது எல்லாரும் எனக்காகக் கை தட்டினார்கள்.

"கடற்கர ரோட்டுலயா?" என்றான். குரல் ஏறிவிட்டது. பிறகு இறங்கியது. "யக்கா. கோவிந்தன் தெனம் சாயந்தரம் அங்கதான் நடக்கறான். சக்கர வியாதி."

6

கல் போனால் தம்பிக்கு என்ன மிச்சம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். போட் பழசு. முட்டி சரியில்லை. பிள்ளைகள் ரெண்டு பேரும் மூலக்குளம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய், கடல் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் குப்பத்தில் ஆறுமுகம் என்றால் இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது. அவனுக்கு ஒரு இடம் தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. அந்த மரியாதையைத்தான் நான் கறுப்பு மையில் அச்சடித்து அனுப்பப் பார்த்தேன்.

முதலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. போன் போட்டேன்.

"டேய், படத்தத் திருப்பி அச்சடிக்கிறேன். இடது வலதா மாறிடும். அத வெச்சிக்கினு எவனும் போக முடியாது."

தம்பி யோசித்தான். "லைட் ஹவுசு தெக்கால போயிடுமா?"

"போயிடும்."

"பொகபோக்கி எங்க போவும்?"

நான் படத்தைப் பார்த்தேன்.

"நடுவுல இருக்கறத எப்படித் திருப்பினாலும் நடுவுலதான்க்கா இருக்கும்" என்றான்.

அது உண்மைதான். எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்ததாக, என் படத்தை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மேரிக்குப் போனேன். மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். படங்களை அனுப்புவது அவர்கள் பொறுப்பு. எண் போட்ட சீட்டு எடுத்து, காத்திருந்து, ஜன்னல் முன்னால் நின்றேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன். ஜன்னலில் இருந்த பெண் நல்ல மாதிரி. என்ன காரணம் என்று கேட்டாள்.

"மீன்" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "மீன் என்று காரணம் இல்லை, மதாம். மூன்றுதான் இருக்கிறது. கலைஞருக்கு நோய். கலைஞர் இறப்பு. படைப்புக்குச் சேதம்."

என்னைக் கலைஞர் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தரம். சந்தோஷப்பட அப்போது நேரம் இல்லை. எனக்கு நோய் இல்லை. இறப்பு வரைக்கும் காத்திருக்க முடியாது, படங்கள் அந்த மாதக் கடைசியில் கிளம்புகின்றன. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதுச்சேரிக்குப் போகிற தாள்களை வியாழக்கிழமைதான் அச்சடிப்பதாக இருந்தது. எல்லாருக்கும் முன்னால் வகுப்புக்குப் போனேன். லினோவை ஹீட்டர் மேல் வைத்தேன். இளகியதும் எடுத்து மேசையில் வைத்து, உளியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் புகைபோக்கியைச் செதுக்க எனக்கு ஒரு முழு வியாழக்கிழமை ஆகியிருந்தது. ஒல்லியாக, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் ஒரு வளையம். ரெண்டு பக்கமும் வானத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் நிறுத்துவதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா அதைத் தேடிக்கொண்டு கழுத்தை நீட்டி எத்தனை விடிகாலை நின்றிருப்பார்.

லினோவைத் திருப்பிக் கொடுத்தேன். உளி அதை ஒரு சுருளாக எடுத்துப் போட்டது. மீன் செதிலைவிட மெல்லிசு. ஏப்ரனில் விழுந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை, கீழே போட மனசு வரவில்லை.

மதாம் ஒதில் வந்ததும், "சேதம்" என்றேன். என் படத்தை அனுப்பாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மை தடவி ஒரு தாளை அச்சடித்துப் பார்த்தார். ரெண்டு கோபுரம், நடுவில் வெள்ளை. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கினாற்போல இருந்தது.

"இப்போதுதான் படம் மூச்சு விடுகிறது" என்றார்.

தபால்காரரும் வந்து பார்த்தார். ஆமாம், முன்பு ஏதோ அதிகமாக இருந்தது என்றார்.

அப்படியாகப் படம் புதுச்சேரிக்குக் கிளம்பியது. பாரத்தில் தலைப்பு எழுத வேண்டிய இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். மதாம் ஒதில் 'காத்திருப்பு' என்று எழுதினார். யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். "பொகபோக்கிய எடுத்துட்டேன்டா."

"முழுசாவா?"

"முழுசா."

"அப்பாடா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கோச்சிக்காதக்கா" என்றான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சமையல் மேடைக்கு மேலே இருக்கிற முதல் தாளை, புகைபோக்கி இருக்கிற ஒரே தாளை, அன்றைக்கு ரெண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

7

கண்காட்சி ஆரம்பித்த அன்றைக்குத் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அந்தக் கூடத்தை அவன் பிறந்ததிலிருந்து வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றப் போனானாம், வேண்டாம் என்றார்களாம். என் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு ஆள் நின்றிருந்தான். கோவிந்தன்.

இனி வருவதெல்லாம் தம்பி அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னது.

"இங்க இன்னா பண்ற?" என்று கேட்டிருக்கிறான் தம்பி.

"ஏசி போட்டிருக்காங்க. நடந்ததுல வேர்த்துப் போச்சு" என்றிருக்கிறான் கோவிந்தன். "அக்கா பேரு போட்டிருக்குது பாரு. நல்லா செஞ்சிருக்காங்க. கரையக் கடல்லேர்ந்து பாத்த மாதிரியே இருக்குது. படகுல ஏறாத பொம்பள, எப்புடித்தான் செஞ்சாங்களோ."

தம்பி வானம் காலியாக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான். இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பியிருக்கிறான்.

கோவிந்தன் படத்துக்குக் கிட்டே போய், ரெண்டு கோபுரத்துக்கும் நடுவில் வெள்ளையில் விரலை வைத்தானாம்.

"ஆனா இங்க ஒரு பொகபோக்கி வரணுமே. அக்காவுக்கு வயசாவுதில்ல, மறந்துட்டாங்க போல."

தம்பி அங்கேயே நின்றுவிட்டான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகர்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டிருக்கிறான்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எங்கப்பன் காலத்துலேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சிமா வராம இருந்தீங்க?"

"யார்ரா சொன்னது வரலைன்னு? நீ போற அன்னிக்கு நாங்க வர மாட்டோம். நீ போவாத அன்னிக்குப் போவோம். எங்கப்பனும் சித்தப்பாவும் அப்புடித்தான். பேச்சு வார்த்த இல்லாததால அவங்க சொல்லிக்கல."

"நான் போற நாளு உனக்கு எப்புடித் தெரியும்?"

"தெக்கால போவியே" என்றானாம் கோவிந்தன். "இந்த ஊருல தெக்கால போயி வடக்கால திரும்பறவன் நீ ஒருத்தன்தான். உன் போட்டு தெக்க திரும்புனா, சரி, இன்னிக்குக் கல்லு பங்காளியுதுன்னு நாங்க வேற பக்கம் போயிடுவோம்."

"துண்டு?"

"இன்னா துண்டு?"

துண்டைப் பற்றித் தம்பி மேற்கொண்டு பேசவில்லை.

இதை எல்லாம் அவன் சொல்லி முடித்தான். இத்தனை வருஷம் தெற்கே சுற்றிப் போன டீசல் எல்லாம் என் கண் முன்னால் வந்தது.

"யக்கா."

"சொல்லுடா."

"அந்தப் பொகபோக்கிய திரும்பப் போட முடியுமா? அது இல்லாம படம் நல்லா இல்ல."

"செதுக்கினா செதுக்கினதுதான். போட முடியாது."

"மொத மொத போட்டோவுல வந்துச்சே, அந்தத் தாளு?"

"அது ஒண்ணு இருக்கு."

"ரெண்டா அனுப்ப முடியுமா? கோவிந்தனும் ஒண்ணு கேட்டான். வூட்டுல மாட்டறதுக்கு."

ஒன்று ரெண்டாகாது என்று சொன்னேன். பையிலிருந்த சுருளை எடுத்துப் பார்த்தேன். காய்ந்து உடைந்திருந்தது. அவர்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும் என்றேன். பேசிவிட்டு அடுத்த வாரம் கூப்பிட்டான். யாருக்கும் வேண்டாம், உன்கிட்டயே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் நான் புதுசாக ஒன்று செய்ய வேண்டும். அதுவும் நேரில் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

"எங்கடா பாக்கறது?"

"கல்லு மேல. வா, போட்டுல கூட்டிக்கினு போறேன். இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்குது, மலருல வேணும்னாலும் எழுதிக்க. கோவிந்தன் போட்டுலயே போவலாம். அவன் நெழலுக்கு மேல தார்ப்பா கட்டியிருக்கான். உனக்கு வெயிலு ஒத்துக்காது."

"பொம்பள ஏறலாமா?"

"நீ பொம்பளயா? நீ கலைஞரு" என்றான். நான்தான் மேரியில் நடந்ததை அவனிடம் சொல்லியிருந்தேன். இனிமேல் அவன் அதை விடப் போவதில்லை.

சில்விக்குச் சொன்னேன். அவள் போனை எடுத்துத் தேதி எல்லாம் பார்த்து, "நானும் வர்றேன்" என்றாள். தமிழில் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும்.

நான் கரையைக் கடலிலிருந்து பார்த்ததில்லை. புகைபோக்கி நிஜமாகவே நட்டநடுவில் வருகிறதா, கைப்பிடிச் சுவர் நான் நினைத்த அளவுக்குத்தான் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மதாம் ஒதில் ஒரு புது லினோப் பலகை கொடுத்திருக்கிறார். ரெண்டு உளி எடுத்து வைத்திருக்கிறேன், கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் போட வேண்டும். மற்றதெல்லாம் தயார். ஆறுமுகம் நாளில் போவதா, கோவிந்தன் நாளில் போவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.